நனையாத சப்பாத்து

பெக் சூவின் மருந்துக் கடைக்கு டெரிஸ் மாதம் ஒரு முறை வருவார். கடலோரச் சேற்றில் சிப்பி அள்ளுகிறவர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத கறுப்பு அவர் நகக்கண்களில் இருக்கும். மகளின் இழுப்புக்கு நீல நிற இன்ஹேலர் ஒன்றை வாங்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தத் திங்கட்கிழமை காலை வந்தவர் மருந்து எதுவும் கேட்கவில்லை.

"ரொக்கையா அம்மா காலையில இங்கதான் இருப்பாங்கன்னு சொன்னாங்க" என்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது.

ரொக்கையா கடையின் உள்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து கறுப்புக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். தைப்பிங் காவல் நிலையத்தில் முப்பது ஆண்டுகள், அதில் பாதி பெண்கள் சிறுவர் பிரிவில். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவளை விடவில்லை. யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு அவளைத் தேடி வருவார்கள். அப்போதெல்லாம் கடையைப் பூட்டிவிட்டுக் கார் சாவியை எடுப்பது பெக் சூவின் வழக்கம்.

"உக்காருங்க" என்றாள் ரொக்கையா. "மொதல்லேர்ந்து சொல்லுங்க. அவசரம் வேண்டாம்."

டெரிஸ் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

மகள் பெயர் சுஹைலா. பதினாலு வயது. மலையடிவாரத்தில் இருக்கும் பெண்கள் விடுதிப் பள்ளியில் இரண்டாம் படிவம். கிராமத்திலிருந்து அந்தப் பள்ளியில் இடம் கிடைத்த முதல் பெண். இரண்டு வாரத்துக்கு முன், சனிக்கிழமை மாலை, விடுதிக்குப் பின்னால் இருக்கும் பழைய துணி துவைக்கும் அறைக்குள் மயங்கிக் கிடந்தாள். கையில் இன்ஹேலர் இல்லை. நான்கு நாள் தொண்டைக்குள் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். இப்போதுதான் பேச்சு வருகிறது.

"பேச்சு வந்து என்ன பிரயோஜனம்? கதவு தானா மாட்டிக்கிச்சுங்கறா. வேற ஒரு வார்த்தை வரல. தலைமையாசிரியையும் அதையேதான் சொல்றாங்க. மழையில கதவு ஊதிப்போச்சாம். நான் பலகைப் படகு ஓட்டுறவன்மா. மரம் எப்படி ஊதும்னு எனக்குத் தெரியாதா?"

"அந்தக் கதவுல தாழ்ப்பாள் இருக்கா?"

"வெளிப்பக்கம் இருக்கு."

பெக் சூ மேசையைத் தட்டினாள். "அக்கா! இதுக்கு மேல என்ன வேணும்?"

ரொக்கையா அவளைப் பார்க்கக்கூட இல்லை. "இன்ஹேலர் கிடைச்சுதா?"

"மறுநாள் கிடைச்சுது. பெரிய படிவத்துப் பொண்ணு ஒருத்தி, பத்ரிஷான்னு பேரு, மாணவர் தலைவி. அவ பைக்குள்ள இருந்துது. யாரோ தெரியாம போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டாங்க. அந்தப் பொண்ணோட அப்பா கமாருல், டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷர். பள்ளிக்கூட மண்டபத்து வாசல்ல அவர் பேருதான் செதுக்கியிருக்கு."

"பையில என்ன?"

டெரிஸ் பையைத் திறந்தார். பள்ளிக்கூடத்து வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து ஒரு ஜோடி. "அறை வாசல்படியில இருந்துதுன்னு விடுதி அம்மா எடுத்துக் கொடுத்தாங்க. அன்னிக்கு அவங்க கையிலேர்ந்து வாங்கினது அப்படியே இருக்கு. எனக்கு அதைத் தொட மனசு வரல."

ரொக்கையா ஒரு சப்பாத்தை எடுத்து விரலால் தடவினாள். விரலில் வெள்ளைப் பூச்சு மாவு போல ஒட்டிக்கொண்டது. அடிப்பக்கம் திருப்பினாள், ரப்பர் ஓரத்தில் மட்டும் காய்ந்த சேற்றுக் கறை. மறுபடி பைக்குள் வைத்தாள்.

"பொண்ணை யார் கண்டுபிடிச்சது?"

"வார்தினான்னு அவ சிநேகிதி. ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அந்தப் புள்ள மட்டும் இல்லேன்னா என் மக இன்னிக்கு மண்ணுக்குள்ள இருந்திருப்பா."

மறுநாள் பிற்பகல் பள்ளிக்குப் போனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் அது செய்தியே இல்லை. தலைமையாசிரியை ஹஸ்னா வாசல்வரை வந்து வரவேற்றாள். டெரிஸ் இன்னும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ரொக்கையா ஒரு முறை பார்த்துவிட்டு விபத்து என்று சொல்லிவிட்டால் நல்லது என்பது அவள் உபசாரத்திலேயே தெரிந்தது.

"அன்னிக்கு யார் யார் விடுதியில இருந்தாங்க?" என்று ரொக்கையா கேட்டாள்.

"சனிக்கிழமை டவுனுக்குப் போற நாள். ரெண்டரைக்கு பஸ் போயிடுச்சு. ரோட்டுல வெள்ளம், அஞ்சு மணிக்கு வர வேண்டிய பஸ் ஆறே முக்காலுக்குத்தான் வந்துது. பத்ரிஷா அந்த பஸ்லதான் இருந்தா. முப்பது பேர் சாட்சி. சுஹைலாவும் வார்தினாவும் அணிவகுப்புப் பயிற்சிக்காகத் தங்கிட்டாங்க. பயிற்சி முடியறப்போ ரெண்டே முக்கால். சுஹைலா இன்ஹேலரை இழுத்ததைப் பயிற்சி டீச்சரே பாத்திருக்காங்க."

"மழை?"

"மூணரைக்குப் பிடிச்சது. ஆறு மணிக்கு விட்டுது."

துவைக்கும் அறை விடுதிச் சமையற்கட்டைத் தாண்டித் தனியாக நின்றது. கூரைக்கு நீட்டம் இல்லை; மேலே கூரைத் தண்ணீரை வடிக்கும் தகரப் பீலி உடைந்து, தண்ணீர் நேராக வாசல்படியில் விழுந்தது. படியில் நின்ற பெக் சூவின் கால்கள் நிமிடத்தில் ஊறிப்போயின. குடை எதற்கும் உதவவில்லை.

உள்ளே ரொக்கையா கதவின் மறுபக்கத்தைக் கைவிளக்கால் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் நகக் கீறல்கள். பெக் சூவும் எட்டிப் பார்த்தாள்.

"பாவி மகளுங்க. எப்படிப் பிறாண்டியிருக்கா பாருங்கக்கா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் ரொக்கையா. சில கீறல்களில் மரம் புதிதாக வெளுத்திருந்தது. சிலவற்றில் அழுக்கும் பூஞ்சையும் படிந்திருந்தன. அவள் விளக்கை அணைத்தாள்.

இரண்டாம் படிவத்து அறையில் வார்தினா தன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சிறிய உருவம், தலைத்துணிக்குள் சுருங்கிய முகம்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று ரொக்கையா கேட்டாள்.

"மழை விட்டதும் தேடிப் போனேன், ஆன்ட்டி. வாசல்படியில அவ சப்பாத்து இருந்துது. அதைப் பாத்துத்தான் உள்ள இருக்கான்னு தெரிஞ்சுது. கதவை இழுத்தேன். இறுகியிருந்துது. பலமா இழுத்தேன்."

"தாழ்ப்பாள் போட்டிருந்துதா?"

"இல்ல ஆன்ட்டி."

"விரல்ல என்ன?"

வலது கையின் இரண்டு விரல்களில் நகம் பாதிதான் வளர்ந்திருந்தது. வார்தினா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கதவுல மாட்டிக்கிச்சு. ஒரு மாசம் ஆச்சு."

ரொக்கையா பேசிக்கொண்டே அவள் தலையணையை எடுத்து மடியில் வைத்து, உறையின் வாயை விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். பக்கத்தில் நின்ற பெக் சூவும் பார்த்தாள். உறையின் உட்புறம் வெள்ளையாக ஏதோ மாவு. முகப் பவுடராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் பத்ரிஷா அவர்களுக்காகவே நிற்பதுபோல நின்றாள். உயரம், அழகு, இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடை.

"வார்தினாவை ரொம்ப மிரட்டாதீங்க ஆன்ட்டி. அது குழந்தை" என்றாள் சிரித்துக்கொண்டே. அறைக்குள் வார்தினா எழுந்து நின்றுவிட்டதைப் பெக் சூ பார்த்தாள். ஆசிரியை வந்தால்கூட யாரும் அப்படி எழுந்து நிற்க மாட்டார்கள்.

காரில் ஏறியதும் பெக் சூவுக்குப் பொறுக்கவில்லை. "அவதான்! அந்தச் சிரிப்பைப் பாத்தீங்களா? இன்ஹேலர் அவ பையில. இதுக்கு மேல என்னக்கா யோசனை?"

"ரெண்டே முக்காலுக்கு இன்ஹேலர் சுஹைலா கையில இருந்துது. ரெண்டரைக்கே பத்ரிஷா பஸ் ஏறிட்டா. எப்படி எடுத்தா?"

பெக் சூ வாயை மூடினாள். ஒரு சிக்னல் தாண்டியதும் மறுபடி திறந்தாள். "அப்ப வேற யாரு?"

"நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். நீ அங்க குறுக்க பேசாம இருந்தா போதும்."

மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறையில் நாற்காலிகள் போதவில்லை. டத்தோ கமாருல் சோபாவில் மகளோடு உட்கார்ந்தார். வார்தினா சுவரோரம் நின்றாள்; அவள் தாய், ரப்பர் தோட்டத்திலிருந்து நேராக வந்தவள், சற்றுத் தள்ளி. டெரிஸ் வாசலுக்குப் பக்கத்தில். ரொக்கையா சப்பாத்துகளை மேசைமேல் வைத்தாள்.

"இது சனிக்கிழமை மாலை அந்த வாசல்படியில இருந்து எடுத்தது. அதுக்கப்புறம் யாரும் துடைக்கல, கழுவல. டீச்சர், இதுல வெள்ளைப் பூச்சு பூசறீங்களே, மழை பட்டா என்ன ஆகும்?"

"கரைஞ்சு ஓடிடும்" என்றாள் ஹஸ்னா.

"அன்னிக்கு மூணரையிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் மழை. உடைஞ்ச பீலித் தண்ணி நேரா அந்தப் படியிலதான் விழுது. நேத்து ஒரே நிமிஷத்துல பெக் சூ கால் நனைஞ்சு போச்சு. இந்தச் சப்பாத்துல பூச்சு ஒரு சொட்டுக்கூடக் கரையல. அடியில மட்டும் சேறு. அப்படின்னா மழை விட்டதுக்கு அப்புறந்தான் யாரோ இதைப் படியில வெச்சிருக்காங்க. அதுவரைக்கும் இது வேற எங்கேயோ இருந்திருக்கு. உள்ள ஆள் இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு."

ஹஸ்னா ஒரு சப்பாத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"சுஹைலா உள்ள கிடந்தா. அவ எழுந்து வந்து வெச்சிருக்க முடியாது. பத்ரிஷாவும் இல்ல, பஸ் வந்தப்போ ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது. மழை விட்டதுக்கும், ஆள் கிடக்குதுன்னு கூச்சல் கேட்டதுக்கும் நடுவுல அந்தக் கதவுகிட்டப் போனது ஒரே ஒருத்தி."

பெக் சூவின் பார்வை சோபாவிலிருந்து மெல்ல நகர்ந்து சுவரோரம் போனது.

"வார்தினா" என்றாள் ரொக்கையா, குரலை உயர்த்தாமல். "சப்பாத்தைப் பாத்து அவளைக் கண்டுபிடிச்சேன்னு சொன்னே. அந்தச் சப்பாத்தை அங்க வெச்சதே நீதானேம்மா."

சிறுமி அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னாள். "இன்ஹேலரைக் கொடுடி, நான் வெச்சிருக்கேன்னு கேட்டேன். கொடுத்தா. உள்ள கொடியில என் துணி இருக்கு, எடுத்துத் தான்னு சொன்னேன். போனா. தாழ்ப்பாள் போட்டேன்."

"அப்புறம்?"

"மாடிப்படியில உக்காந்திருந்தேன். மழை சத்தத்துல ஒண்ணும் கேக்கல, ஆன்ட்டி. மழை விட்டதும் போய்த் திறந்தேன். அவ உதடு நீலமா இருந்துது."

அவள் தாய் பாய்ந்து வந்து கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது தடுத்தது டெரிஸ். அவர் முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

"பஸ் வர்ற வரைக்கும் வெச்சிருக்கணும்னு யாராவது சொன்னாங்களா?" ரொக்கையா கேட்டாள். "இன்ஹேலரை ஒளிக்கணும்னா கிணத்துல போட்டிருக்கலாம். நீ அதைப் பத்ரிஷா பைக்குள்ள போட்டே. வாயால சொல்ல முடியாததை அதால சொன்னே. இல்லியா?"

வார்தினா சோபாவைப் பார்த்தாள். ஒரே ஒரு கணம். "யாரும் சொல்லல."

பத்ரிஷா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். சிறுமியின் உடம்பு மரக்கட்டையாக விறைத்தது.

"டீச்சர், மன்னிச்சு விட்டுடுங்க" என்றாள் பத்ரிஷா இதமாக. "என் பேரைக் கெடுக்கப் பாத்திருக்கா, பரவாயில்ல. சின்னப் பொண்ணு. சப்பாத்தைத் தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வெச்சிட்டு, என்ன செய்யறோம்னு தெரியாம முழிச்சிருப்பா."

ரொக்கையா அவளைப் பார்த்தாள். "தலையணை உறையா?"

பத்ரிஷா தலையாட்டினாள்.

"சப்பாத்து வேற எங்கேயோ இருந்துதுன்னுதான் நான் சொன்னேன். எங்கன்னு சொல்லல. உறைக்குள்ள வெள்ளைப் பூச்சு ஒட்டியிருக்கறதை நேத்துதான் பாத்தேன். அதை இன்னிவரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்கல. வார்தினா, நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

வார்தினா இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப பஸ்ல இருந்த பொண்ணுக்கு எப்படித் தெரியும்? எங்க ஒளிக்கணும்னு சொல்லிக் கொடுத்தவளுக்குத்தான் தெரியும்."

பத்ரிஷாவின் கை சிறுமியின் தோளிலிருந்து இறங்கியது. அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, விடுதியில பொண்ணுங்க ஆயிரம் பேசும். எங்கேயோ காதுல விழுந்திருக்கும்" என்றார் டத்தோ, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "தப்பு பண்ணவ ஒத்துக்கிட்டா. தாழ்ப்பாள் போட்டது என் மக இல்ல. டீச்சர், முடிச்சிடலாமா?"

ஹஸ்னா குறிப்பேட்டைப் பிரித்தாள். வார்தினா பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறாள் என்று எழுதினாள். தலையணை உறையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதாததை எல்லோரும் பார்த்தார்கள்.

"போலீசுக்குப் போறது உங்க இஷ்டம், டெரிஸ்" என்றாள். "போனா இந்தச் சின்னப் பொண்ணு மட்டுந்தான் மாட்டும். யோசிச்சுக்குங்க."

வெளியே பெக் சூ கார்க் கதவைத் திறந்து, ஏறாமல் நின்றாள். இரண்டு நாளாக அந்தப் பணக்காரப் பெண்ணைப் பிடிக்கப் போகிறோம் என்று துள்ளியவள். கடைசியில் ஒரு கூலிக்காரியின் மகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"இதுக்காக்கா வந்தோம்?"

"இன்னும் முடியல. ஆஸ்பத்திரிக்குப் போ" என்றாள் ரொக்கையா. "டெரிஸ், நீங்களும் ஏறுங்க. ஒரு விஷயத்தை அங்க நான் வேணும்னே சொல்லல. சொல்லியிருந்தா டத்தோ அதைப் பிடிச்சுக்குவார்."

வார்டில் சுஹைலா தலையணைக்குச் சாய்ந்திருந்தாள். குழாய் எடுத்த தொண்டையில் குரல் கரகரத்தது. அப்பாவைப் பார்த்ததும், "வார்தினாவை ஏதாவது பண்ணிட்டாங்களா?" என்றாள்.

டெரிஸ் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு முதல்லேர்ந்தே தெரியுமா?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

ரொக்கையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தக் கதவுல இருக்கற கீறல் எல்லாம் உன்னோடது இல்ல, சுஹைலா. கொஞ்சம் பழசு. வார்தினா கையில ரெண்டு நகம் இப்பத்தான் வளருது, ஒரு மாசமாச்சாம். உனக்கு முன்னாடி அவ உள்ள இருந்திருக்கா. அவ உன்னைப் பூட்டினா. நீ காட்டிக் கொடுக்கல. அவ மேல பாசம் மட்டுந்தான் காரணம்னு எனக்குத் தோணல. அவளைப் பூட்டினது யாரு?"

பெக் சூவுக்குப் புரிந்தபோது, அவள் முதலில் பார்த்தது டெரிஸின் முகத்தை. அவருக்கு இன்னும் புரியவில்லை.

"நான்தான்" என்றாள் சுஹைலா.

டெரிஸ் ஏதோ காது கேட்காதவர்போலக் குனிந்தார்.

"பத்ரிஷா அக்கா கூப்பிட்டுச் சொல்லுவாங்க. இந்த மாசம் ஒருத்தியைக் கொண்டு வா, இல்லேன்னா நீ போ. அவ சப்பாத்தை உன் தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வை. உனக்குப் பிடிச்சவளாத்தான் இருக்கணும். பிடிக்காதவளா இருந்தா அவங்க ஒத்துக்க மாட்டாங்க. எனக்கு வார்தினாவைத்தான் பிடிக்கும்." அவள் மூச்சு வாங்கினாள். "அவளும் என்னைத்தான் கொண்டு போனா. வேற யாரு இருக்கா அவளுக்கு?"

டெரிஸ் வராந்தாவுக்குப் போய்விட்டார். பெக் சூ பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் சுவரில் நெற்றியை வைத்திருந்தார்.

"அறை வாங்க வேண்டியவ அந்தப் புள்ள மட்டும் இல்ல" என்றார். பிறகு, "நான் யாரையுமே அறையல. அதுவும் சரிதான்."

ரொக்கையா வந்தாள். "டெரிஸ், வார்தினா உண்மையைச் சொன்னாலும் அதை மட்டும் வெச்சு பத்ரிஷாவைத் தொட முடியாது. ஒருத்தி பொய் சொல்றான்னு தள்ளிடுவாங்க. ரெண்டு பேர், வேற வேற நாள், ஒரே கட்டளை, ஒரே ஒளிக்கிற இடம்னா தள்ள முடியாது. ஆனா உங்க மக தான் பண்ணதையும் சொல்லியாகணும். அவ பேரும் ஏறும். இதை நான் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்."

டெரிஸ் மகளிடம் திரும்பிப் போனார். என்ன பேசினார்கள் என்று பெக் சூவுக்குக் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தாள்: அந்தப் பெண் வெகுநேரம் தலையை ஆட்டி மறுத்தாள், பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள்.

அன்று மாலையே காவல் நிலையத்தில் புகார் எழுதப்பட்டது. பாதிக்கப்பட்டவளின் பெயரையே செய்தவர்கள் வரிசையிலும் சொல்கிறீர்களே, தவறிச் சொல்கிறீர்களா என்று எழுதிய காவலர் கேட்டார். "தவறல. எழுதுங்க" என்றார் டெரிஸ்.

அதன் பிறகு மெல்ல மெல்ல வந்தார்கள். மூன்றாம் படிவத்தில் ஒருத்தி, பள்ளியை விட்டே போன ஒருத்தி, தன் தங்கையை உள்ளே அனுப்பிய ஒருத்தி. மொத்தம் ஒன்பது பேர். ஒவ்வொருத்தியும் பூட்டப்பட்டவள், ஒவ்வொருத்தியும் பூட்டியவள். பத்ரிஷாவின் மீது வழக்குப் பதிவானது. அப்பா நல்ல வழக்கறிஞரைப் பிடித்தார், ஆனால் ஒன்பது வாய்களை அவரால் மூட முடியவில்லை. ஹஸ்னாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். சுஹைலாவும் வார்தினாவும் பள்ளிக்குத் திரும்பவில்லை.

விசாரணை நாளன்று பெக் சூதான் டெரிஸையும் மகளையும் காரில் அழைத்துப் போனாள். சிறுவர் நீதிமன்றத்துக்கு வெளியே இருந்த நீண்ட பெஞ்சில் வார்தினா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். சுஹைலா தயங்கிவிட்டு, அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் இருவரும் எதிர்ச் சுவரையே பார்த்தார்கள்.

பிறகு சுஹைலா, திரும்பாமலே கேட்டாள். "அன்னிக்கு நான் தட்டினது உனக்குக் கேட்டுதா?"

வார்தினா நகம் வளர்ந்துவிட்ட தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

"எனக்கும்" என்றாள் சுஹைலா. "நீ தட்டினது."